ப்ராலீன் செய்யப் போறீங்களா? ஒரு நிமிஷம் நில்லுங்க

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், நியூ ஆர்லியன்ஸ் பக்கம் குடிவந்த யாருக்கும் முதல் டிசம்பரிலேயே இந்த ஆசை வந்துவிடும். ஊரின் பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டர் தெருக்களில் நடந்தால், வெண்ணெயும் சர்க்கரையும் கொதிக்கிற வாசனை கடை வாசலிலேயே ஆளைப் பிடித்து இழுக்கும். உள்ளே உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு வில்லைகள், மேலே துருத்திக்கொண்டு நிற்கிற, வால்நட் மாதிரியான பெக்கான் பருப்புகள். இதுதான் ப்ராலீன். விலை கேட்டால் ஒரு வில்லைக்கே மூன்று டாலர் பக்கத்தில் சொல்வார்கள். சர்க்கரை, பால், வெண்ணெய், பருப்பு, இவ்வளவுதானே? நம்ம கடலை மிட்டாய்க்குப் பணக்கார ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கிறது, வீட்டிலேயே செய்துவிடலாமே என்று மனக்கணக்கு ஓடும். எனக்கும் ஓடியது. அக்கம்பக்கம், பையனின் டீச்சர்கள், என் ஆபீஸ் என்று எல்லாருக்கும் கிறிஸ்துமஸுக்கு டப்பா டப்பாவாகக் கொடுப்பதாகத் திட்டம். அந்தத் திட்டம் முடிவதற்குள் பருப்பு, வெண்ணெய், ஒரு நல்ல பாத்திரம், வாடகை வீட்டு அடுப்பின் கண்ணாடி என்று ஐந்நூறு டாலருக்கு மேல் போய்விட்டது. இணையத்தில் கிடைத்த குறிப்புகள் எல்லாமே சமர்த்தாகப் பத்து வரியில் முடிந்தன. எங்கே சறுக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை. இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் வீட்டில். ஆக, இந்தக் கூத்து முழுக்கப் பையன் தூங்கின பிறகு, ராத்திரியில், ஒண்டியாக நடந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ப்ராலீன் இரண்டு ஆள் வேலை. ஒருவர் கிளற, ஒருவர் காகிதத்தில் எடுத்து வைக்க. தனியாகச் செய்ய முடியாது என்றில்லை. ஆனால் போன் அடித்தால் எடுக்க முடியாது, பிள்ளை அழுதால் ஓட முடியாது. அதற்கு ஏற்ற நேரம் பார்த்து ஆரம்பியுங்கள்.

முதலில் பருப்பு. மொத்தமாக விற்கும் ஒரு கடையில் உரித்த பெக்கான் மலிவாகப் போட்டிருந்தார்கள். பெரிய பையாக வாங்கி வந்து பிரித்தால் லேசாகச் சிக்கு வாடை. வறுத்தால் போய்விடும் என்று நினைத்தேன். போகாது, வறுத்தால் இன்னும் தூக்கலாகத்தான் தெரியும். பெக்கானில் எடைக்கு 100க்கு 70 பங்குக்கு மேல் கொழுப்பு. வெயிலிலும் வெளிச்சத்திலும் கிடந்தால் எண்ணெய் கெட்டுப்போவது போல இதுவும் கெட்டுவிடும். வாங்கும்போதே ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே வெளிர் நிறமாக, மொறுமொறுவென்று, லேசான இனிப்போடு இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள். லூசியானாவில் இருப்பவர்கள் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வரும் புதுக் காய்க்காகப் பொறுத்தால் இன்னும் நல்லது. அப்போது வீட்டு மரத்துக் காய்களைச் சாக்குச் சாக்காக விற்பார்கள், கூலி கொடுத்தால் மெஷினில் போட்டு ஓட்டை உடைத்தும் தருவார்கள்.

அப்படி உடைத்த ஒரு பையை அடுத்த வீட்டு அம்மா கொடுத்தார். எழுபது தாண்டியவர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், யாரைப் பார்த்தாலும் பேபி என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பருப்பை ஆய்வது தனி வேலை. இரண்டு பாதிகளுக்கும் நடுவே செம்பழுப்பில் கார்க் போல ஒரு சக்கை ஒட்டிக்கொண்டிருக்கும். பருப்பின் வரிப்பள்ளங்களுக்குள்ளும் அதன் துணுக்குகள் புகுந்திருக்கும். நாக்கில் பட்டால் பாக்குத் துவர்ப்புக்கு மேல் ஒரு கசப்பு, ஒரு சின்னத் துணுக்கு போதும், ஒரு வில்லை முழுக்கக் கெட்டுவிடும். பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாக நோண்டி எடுத்தேன். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் இந்த வேலையைச் சுருக்கிவிடாதீர்கள். ஆய்ந்த பருப்பை 350 டிகிரி பாரன்ஹீட் ஓவனில் எட்டு நிமிடம் வறுத்து ஆறவிட்டேன். வாசனை வந்ததும் எடுத்துவிட வேண்டும், நிறம் மாறும்வரை காத்திருந்தால் கருகிவிடும்.

இப்போது பாகு. எல்லாக் குறிப்பும் சொன்னது ஒன்றே: தெர்மாமீட்டரில் 238 டிகிரி பாரன்ஹீட், அதாவது 114 செல்சியஸ் வந்ததும் இறக்கு. புதுசாக ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, வெளியே சோவென்று மழை பெய்துகொண்டிருந்த ஒரு ராத்திரி, கண் இமைக்காமல் பார்த்திருந்து சரியாக 238இல் இறக்கினேன். கிளறினேன். காகிதத்தில் கரண்டி கரண்டியாக விட்டேன். பளபளவென்று அழகாகப் பரவியது. பரவியது, பரவியது, பரவிக்கொண்டே போனது. காலையில் பார்த்தால் காகிதம் முழுக்க பழுப்புப் பசை, தொட்ட விரல் வரவில்லை. ஒரு பவுண்டு பருப்பு அதில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சொன்னபடிதானே செய்தேன்?

காரணம் இரண்டு என்று பிறகு தெரிந்தது. ஒன்று, தெர்மாமீட்டர். ஒரு சந்தேகத்தில் கொதிக்கிற வெறும் தண்ணீரில் அதை விட்டுப் பார்த்தேன். நியூ ஆர்லியன்ஸ் கடல் மட்டத்தில் இருக்கிற ஊர், இங்கே தண்ணீர் 212இல் கொதிக்க வேண்டும். இது 218 காட்டியது. அப்படியானால் என் 238 உண்மையில் 232. பாகுக்கு அந்த ஆறு டிகிரி என்பது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். புதிது, விலை உயர்ந்தது என்பதையெல்லாம் நம்பாமல் ஒவ்வொரு முறையும் கொதிநீரில் சோதித்துவிடுங்கள். கூடவே, நீங்கள் இருக்கும் ஊர் எவ்வளவு உயரம் என்பதையும் பாருங்கள். உயரம் 500 அடி கூடினால் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி பாரன்ஹீட் குறையும். பெங்களூரில் தண்ணீர் 97 செல்சியஸ் பக்கத்திலேயே கொதித்துவிடும், டென்வரில் இன்னும் குறைவு. உங்கள் ஊரில் தண்ணீர் கொதிக்கும்போது உங்கள் தெர்மாமீட்டர் காட்டுகிற எண்ணோடு 26 பாரன்ஹீட் கூட்டினால் வருவதுதான் உங்கள் ப்ராலீன் எண். தெர்மாமீட்டரின் கோளாறும் ஊரின் உயரமும் இரண்டுமே இந்தக் கணக்கில் சரியாகிவிடும்.

இரண்டாவது காரணம் மழை. பசையைச் சுரண்டிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தபோது அடுத்த வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, "மழைநாளில் யாராவது ப்ராலீன் கிளறுவாங்களா, பேபி?" என்றார். சர்க்கரை காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். காற்று நசநசவென்றிருக்கும் நாளில் வில்லை ஆறும்போதே மேல்தோல் வேர்க்க ஆரம்பித்துவிடும். இங்கே குளிர்காற்று வடக்கிலிருந்து அடித்து வானம் பளிச்சென்று காயும் நாட்கள் டிசம்பரில் வரும். அந்த நாட்களுக்காகக் காத்திருங்கள். வேறு வழியில்லை, இன்றைக்கே செய்தாக வேண்டும் என்றால் ஏசியைப் போட்டு, பக்கத்து அடுப்பில் சோறு கொதிக்காமல் பார்த்துக்கொண்டு, பாகை ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாக விடுங்கள்.

இதை அம்மாவிடம் வீடியோ காலில் புலம்பினேன். அவர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "இது அதிரசப் பாகுதானேடி, தண்ணியில விட்டுப் பாக்க வேண்டியதுதானே, அதுக்கு எதுக்கு மீட்டரு?" என்றார். அவ்வளவுதான் விஷயம்! கிண்ணத்தில் குளிர்ந்த நீர் வைத்து ஒரு சொட்டு பாகு விட்டால், கரையாமல் அடியில் சேர்ந்து, விரலால் உருட்ட வர வேண்டும். வெளியே எடுத்து அழுத்தினால் நசுங்க வேண்டும். அதுதான் 238. கடலை மிட்டாய்க்கு வைப்பது போல டக்கென்று உடைகிற பாகு இல்லை, அது 300 பக்கம். அம்மாவுக்குக் கடைசிவரை அந்த எண் தேவைப்படவே இல்லை. நானோ அன்றிலிருந்து மீட்டர், தண்ணீர்க் கிண்ணம் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். இரண்டும் வேறு வேறு சொன்னால் கிண்ணம் சொல்வதைத்தான் கேட்பேன்.

சரி, பாகு பிடிபட்டுவிட்டது, இனி என்ன என்று அடுத்த ஞாயிறு இறங்கினேன். நல்ல வெயில் காய்ந்த நாள். இந்தத் தடவை நேரெதிர். சட்டியில் கிளறிக்கொண்டிருந்தது திடீரென்று கல்லாகிவிட்டது. இரண்டு வில்லை எடுத்து வைத்திருப்பேன், மூன்றாவதற்குக் கரண்டியை விட்டால் இறங்கவில்லை. கரண்டி அப்படியே நட்டமாக நின்றது. வாயில் போட்டால் மணல் மணலாக நெருடியது. கெட்டியாகும்வரை கிளறவும் என்று எல்லாக் குறிப்பிலும் இருக்கிறது. எவ்வளவு கெட்டி, எத்தனை நேரம், அதற்கு முன் எவ்வளவு ஆற வேண்டும் என்று எதிலும் இல்லை. ப்ராலீனில் பாதி வேலை அடுப்பை அணைத்த பிறகுதான் இருக்கிறது. அந்தப் பாதியைத்தான் எல்லாரும் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

நடப்பது இதுதான். குலாப் ஜாமூன் பாகு பூத்துவிடக் கூடாது, அதாவது சர்க்கரை படிகமாகிவிடக் கூடாது என்று நாம் எலுமிச்சை பிழிவோம். ப்ராலீனில் பூக்கத்தான் வேண்டும், ஆனால் மாவு போலப் பொடியாகப் பூக்க வேண்டும். பாகு ரொம்பச் சூடாக இருக்கும்போதே கிளறினால் பெரிய பெரிய படிகமாகச் சேர்ந்து மணலாகும். கொஞ்சம் ஆறவிட்டுக் கிளறினால் நுண்ணிய படிகங்கள் ஒரே சமயத்தில் உருவாகும், வாயில் வைத்ததும் கரையும். ஆகவே இறக்கியதும் கை வைக்காதீர்கள். குமிழ் அடங்கும்வரை மூன்று, நான்கு நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு வனிலா சேர்த்து மரக்கரண்டியால் கிளற ஆரம்பியுங்கள். முதலில் கண்ணாடி போலப் பளபளக்கும், பருப்பு எல்லாம் பாகோடு ஒட்டாமல் தனியாக நகரும். கொஞ்ச நேரத்தில் பாத்திரத்தின் ஓரத்தில் மட்டும் மினுமினுப்பு மங்கும். பாகு கலங்கிப் பால்கோவா நிறத்துக்கு வரும். கரண்டி பாத்திரத்தில் உரசும் சத்தம் வழவழப்பிலிருந்து சரசரப்புக்கு மாறும். அப்போது பருப்பைக் கவனியுங்கள். நகராமல் பாகுக்குள்ளேயே அந்தரத்தில் நின்றால், அதுதான் நேரம். அதற்கப்புறம் உங்கள் கையில் இருப்பது முப்பது நொடியோ நாற்பது நொடியோதான். காகிதம் முன்கூட்டியே விரித்திருக்க வேண்டும், இரண்டு கரண்டி தயாராக இருக்க வேண்டும், ஒன்றால் அள்ளி இன்னொன்றால் தள்ளிவிட வேண்டும். மெழுகுக் காகிதம் போட்டால் சூட்டில் மெழுகு உருகி மேடையில் ஒட்டும், கீழே பழைய செய்தித்தாள் விரித்துக்கொள்ளுங்கள். பேக்கிங் பார்ச்மென்ட் காகிதமென்றால் அந்தத் தொல்லை இல்லை.

சட்டியில் இறுகிவிட்டால் தூக்கிப் போடாதீர்கள். நான் போட்டது வயிற்றெரிச்சல். ஒரு மேசைக்கரண்டி சுடுபால் விட்டு, சிறு தீயில் இளக்கினால் மறுபடி கரண்டிக்கு வரும். பசையாகப் போனதையும் அப்படியே சட்டியில் போட்டுக் கொஞ்சம் பால் விட்டுத் திரும்பக் கொதிக்கவைத்துப் பதத்துக்குக் கொண்டுவரலாம். பருப்பு கொஞ்சம் கறுக்கும், அவ்வளவுதான். கல்லான பாத்திரத்தைச் சுரண்டிக் கழுவவும் வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் சர்க்கரை தானாகக் கரைந்துவிடும். இது தெரியாமல் போனதில் நான்-ஸ்டிக் பாத்திரம் ஒன்று போயே போய்விட்டது.

இந்தக் கட்டத்தில்தான் ஊர்க்கதை ஒன்று எனக்கு உறைத்தது. பிரான்சில் சர்க்கரைப் பூச்சுப் போட்ட பாதாம்தான் இதற்கு மூலம். பிரெஞ்சுக்காரர்களோடு லூசியானாவுக்கு வந்த பிறகு, பாதாமுக்குப் பதில் இங்கே மண்டிக்கிடந்த பெக்கான் சேர்ந்தது, பாலும் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு குவார்ட்டர் தெருக்களில் கூடையில் வைத்துக் கூவி விற்றவர்கள் கறுப்பினப் பெண்கள். கையாலேயே உடைக்கக்கூடிய மெல்லிய ஓட்டுப் பெக்கானை முதன்முதலில் ஒட்டுக்கட்டி வளர்த்தவர் கூட, லூசியானாவில் ஓக் ஆலி என்ற பண்ணைத் தோட்டத்தில் அடிமையாக இருந்த அன்டுவான் என்ற தோட்டக்காரர்தான், 1840களில். அந்த ரகம் 1876இல் பிலடெல்பியா கண்காட்சிக்குப் போய்ப் பரிசு வாங்கி, சென்டினியல் என்று பெயரும் பெற்றது. அவர் பெயருக்கு முழுசாக ஒரு குடும்பப் பெயர்கூட ஏட்டில் மிஞ்சவில்லை. இந்தப் புழுக்கத்தில், விறகடுப்பில், மீட்டர் எதுவுமில்லாமல் அந்தப் பெண்கள் தினம் தினம் இதைச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு என் மீட்டர் மீதிருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

பெரிய செலவு இனிமேல்தான். டப்பாக்கள் நிறைய வேண்டுமே என்று, மோர் சேர்க்கும் ஒரு குறிப்பை எடுத்து அளவை இரட்டிப்பாக்கினேன். மோரின் புளிப்பை அடக்க அதில் சோடா உப்பு போடுவார்கள், நல்ல நிறமும் வரும். சோடா விழுந்ததும் பாகு புஸ்ஸென்று பொங்கி, விளிம்பைத் தாண்டி, கண்ணாடி அடுப்பின் (கண்ணாடிக்கு அடியிலிருந்து சூடேறும் மின்சார அடுப்பு) மேல் கொட்டியது. கையில் ஒரு சொட்டு. அடுப்பை அணைத்துவிட்டுக் குழாயடிக்கு ஓடினேன். பாகு சுட்டால் தண்ணீர் சுட்ட மாதிரி வழிந்து போகாது, தோலிலேயே ஒட்டி உட்கார்ந்து சுடும். இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரைக் காட்ட வேண்டும். ஐஸ் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம், இங்க் வேண்டாம், அம்மா சொன்ன தோசை மாவும் வேண்டாம். வாயில் வைத்துச் சப்பவும் கூடாது, நாக்கும் சேர்ந்து வெந்துவிடும். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, சுட்டது குழந்தை என்றாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கிளறும்போது முழுக்கை சட்டை போட்டு, பக்கத்தில் ஒரு பெரிய கிண்ணத்தில் குளிர்ந்த நீர் வைத்துக்கொள்வது என் வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் சமையலறையில் இடம் இல்லை.

கையைப் பார்த்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் கொட்டின பாகு ஆறி இறுகியிருந்தது. கண்ணாடி அடுப்பில் சர்க்கரை கொட்டி ஆறிவிட்டால் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும், எடுக்கும்போது கண்ணாடியின் மேல்பரப்பையே பெயர்த்துக்கொண்டு வரும். அடுப்போடு வந்த கையேட்டில் இதற்கென்றே ஒரு பத்தி இருக்கிறது: சர்க்கரையை மட்டும், சூடாக இருக்கும்போதே, கையில் கனமான உறை போட்டுக்கொண்டு, பிளேடு போன்ற சுரண்டியால் உடனே எடுக்கச் சொல்கிறார்கள். அந்தக் கையேட்டை யார் படிக்கிறார்கள்! மேற்பரப்பில் குழி குழியாக விழுந்துவிட்டது. வீட்டு ஓனர் வந்து பார்த்துவிட்டு, புதுக் கண்ணாடி, போடும் கூலி என்று 410 டாலரை அட்வான்ஸில் கழித்துக்கொண்டார். அந்தப் பணத்துக்குக் கடையிலேயே நூற்றுச் சொச்சம் ப்ராலீன் வாங்கிக் கொடுத்துவிட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கலாம். வாடகை வீட்டில் கண்ணாடி அடுப்பு இருப்பவர்கள், முடிந்தால் தனியாக ஒரு கையடக்க இண்டக்ஷன் அடுப்பை வைத்து அதில் செய்யுங்கள். பாத்திரம், போடும் பொருளைப் போல நான்கு மடங்காவது கொள்ள வேண்டும், அடி கனமாக இருக்க வேண்டும். அளவை மட்டும் இரட்டிப்பாக்காதீர்கள். இரட்டை அளவை அந்த முப்பது நொடிக்குள் காகிதத்தில் எடுத்து வைக்க ஆளால் முடியாது. வேண்டுமானால் ஒரு ஈடு முடித்து, சட்டியைக் கழுவி, அடுத்த ஈடு வையுங்கள்.

எனக்குக் கடைசியில் கைகொடுத்த அளவு இது. வெள்ளைச் சர்க்கரை ஒன்றரை கப், வெளிர் பிரவுன் சுகர் அழுத்தி முக்கால் கப், கொழுப்பு எடுக்காத பால் அரை கப், வெண்ணெய் 85 கிராம், வறுத்த பெக்கான் ஒன்றரை கப், ஒரு சிட்டிகை உப்பு. சோடா கிடையாது. வனிலா ஒரு டீஸ்பூன், இறக்கிய பிறகு. எல்லாவற்றையும் பருப்போடு சேர்த்தே மிதமான தீயில் வைக்கலாம். கொதி வரும்வரை கிளறி, ஓரத்தில் தெறித்த சர்க்கரையை ஈரத் தூரிகையால் கீழே தள்ளிவிடுங்கள். அந்த ஓரத்துச் சர்க்கரை ஒரு துளி உள்ளே விழுந்தாலும் மொத்தமும் மணலாகிவிடும். கொதித்த பிறகு அடிபிடிக்காத அளவுக்கு எப்போதாவது ஒரு கிண்டு போதும். பிரவுன் சுகருக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை போட்டும் பார்த்தேன். வாசனை அபாரம், ஆனால் வெல்லப் பாயசத்தில் பால் திரிகிற அதே கதை இதிலும் நடக்கலாம். போட்டே ஆக வேண்டும் என்றால் பாலைக் குறைத்து, அந்த இடத்துக்கு க்ரீம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறின வில்லைகளுக்கு நடுவே காகிதம் வைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கினால் ஒரு வாரம் நன்றாக இருக்கும். ஃப்ரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் வேர்த்துப் பிசுபிசுத்துவிடும். மணலாகிப் போனதை இடித்துப் பாட்டிலில் போட்டு வைத்தேன், பையன் ஐஸ்கிரீம் மேல் தூவிச் சாப்பிட்டான், எனக்கு அது காப்பிக்கு ஆயிற்று. டப்பாவைக் கொடுக்கும்போது மூடி மேல் பெக்கான், பால் இருக்கிறது என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். வால்நட் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பெரும்பாலும் பெக்கானும் ஒத்துக்கொள்ளாது. பள்ளிக்குக் கொடுப்பதாக இருந்தால், கொட்டைப் பருப்பை உள்ளே விடுவார்களா என்று கிளற ஆரம்பிக்கும் முன்பே ஆபீஸில் கேட்டுவிடுங்கள். எங்கள் பள்ளியில் விடவில்லை. டீச்சர்களுக்கு வைத்திருந்த டப்பாக்கள் எல்லாம் அடுத்த வீட்டு அம்மாவுக்கே போய்விட்டன.